மோட்டார் ஓடாத காலை

சுலோச்சனாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் ஆம்புலன்ஸின் பின்கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை மேலே தூக்கினாள். தனகோட்டி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். அவர் வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போய்வருகிறேன் என்று கை காட்டுகிறாள் என நினைத்து அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கை ஆட்டிக்கொண்டதே கிடையாது. அதனால் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் இல்லை இல்லை என்று தலையை அசைத்தாள். விரலை நீட்டி மறுபடி மேலே காட்டினாள். அவர் மறுபடியும் ஆட்டினார். கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் அவர் காதில் ஏறியது. மோட்டாரைப் போட்டவள் அவள். காய்ச்சலும் மூச்சிரைப்புமாக இருந்தும் எழுந்து போய் வழக்கம் போலப் போட்டுவிட்டாள். அணைப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மொட்டைமாடித் தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் தொட்டியைத்தான் காட்டியிருக்கிறாள். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. மாடியில் குடியிருக்கிற ஷீபா மட்டும் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "அங்கிள், தொட்டி வழியுது அங்கிள்" என்று அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து சுலோச்சனா திரும்பவில்லை. உடம்பும் வீட்டுக்கு வரவில்லை. அந்தத் தொற்றுக் காலத்தில் யாருக்கும் வரவில்லை. மாநகராட்சி ஆட்களே கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். ஓசூரில் இருக்கும் மகள் ஹேமா போனில் அழுதாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே சுவரில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சுவிட்சுக்குக் கீழேதான் இப்போது பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடைவழி அது. சுவிட்சைச் சுற்றிச் சுவரில் ஒரு வட்டம் கருத்திருந்தது. சுலோச்சனாவின் கைபட்டுக் கருத்தது. மேலாக இவருடைய கையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். மோட்டார் போடும் நேரம் வந்து, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குப் போடப் போவதில்லை என்று நேற்றே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் ஜெயவேலு. வில்லிவாக்கம் வட்டார வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். பருத்த உடம்பு, தாடைக்கு இறங்கிய மாஸ்க், எதற்கும் ஒரு சிரிப்பு. நேற்று சாயங்காலம் கேட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டே சொன்னார். "காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னுதான் சார் கவர்மெண்ட் ஆர்டர். வாடக தரலைன்னாலும் வெளிய அனுப்பக் கூடாது. சரி. மோட்டார் ரிப்பேர் ஆவக் கூடாதுன்னு எங்கனா எழுதிக்கீதா? மோட்டார் இன்னா கவர்மெண்ட்டக் கேட்டுக்கினா ரிப்பேர் ஆவுது?" தனகோட்டி சிரிக்கவில்லை. "மூணு நாள் சார். தண்ணி இல்லாத வீட்ல எவனும் நாலாவது நாள் இருக்க மாட்டான். நான் அவன காலி பண்ணச் சொன்னனா? இல்ல. அவனா போனான். என் ரெண்டாவது வீட்ல அப்டித்தான் போனான். ஆனா ஒண்ணு, முந்தின நாளே உங்களுக்கு வேண்டியத பிடிச்சு வெச்சுக்கங்க. அத மறந்துட்டு, அவனுக்கு முன்னாடி நானு பக்கெட் தூக்கிக்கினு தெருவுல நின்னேன்."

அந்த ஆணையை இரண்டு முறை நீட்டிவிட்டார்கள். மூன்றாவது முறையும் நீட்டப் போகிறார்கள் என்று பேச்சு. நீட்டக் கூடாது என்று சங்கம் இன்று கூடுகிறது. கல்யாணம் நடக்காமல் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபத்தை அதற்காகத் திறந்திருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம். முதல் வரிசையில் உட்கார்ந்து, கூப்பிடும்போது எழுந்து பேச வேண்டியவர் தனகோட்டி. "நான் பேசினா எடுபடாது சார். நாலு வீடு வெச்சிருக்கான், இவனுக்கு இன்னா கொறச்சல்னுவாங்க. உங்களுக்கு பென்ஷன் கெடையாது, சம்சாரம் கெடையாது, மாடி வாடகதான் சோறு. நீங்க எழுந்து நின்னாலே போதும். ரெண்டு வார்த்த பேசினா அதுக்கு மேல." பொய் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வாடகை தராதவனை வெளியேற்றாதே என்று ஆணை போட்டவர்கள், வீட்டு வரி கட்டாதே என்று போடவில்லை. தண்ணீர் வரிக்கு ஆள் வந்துவிட்டுப் போனான். ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று மருந்துக் கடையில் கேட்டபோது அங்கே இருந்தவன் இவரை நிமிர்ந்து பார்த்தான். ஹேமா பணம் அனுப்புகிறாள். அனுப்பிய அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருக்கிறது. பின்னாலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரிப் பேசுகிறாள். அப்பா, மேல இருக்கறவங்ககிட்ட கண்டிப்பாப் பேசுங்கப்பா. பேசறேம்மா. எப்பப் பேசுவீங்க? பேசறேன். என்னவென்று பேசுவது. அவன் பள்ளிக்கூடத்துக்குச் சொந்த வேன் ஓட்டுகிறவன். அவள் நர்சரிப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் திறக்காத ஊரில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தையே நம்பியிருந்தார்கள். அது அவர்கள் தப்பா? தப்பில்லை. இவர் தப்பா? இவர் தப்பும் இல்லை. யார் தப்பும் இல்லாத ஒரு காரியத்துக்கு யாராவது ஒருவர் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வந்திருக்கிறது.

மேலே நாற்காலி நகர்ந்தது. ஷீபா எழுந்துவிட்டாள். எபினேசர் எழுந்தால் முதலில் கட்டில் முனகும், பிறகு தொண்டையைச் செருமுவான். ஷீபா எழுந்தால் நாற்காலி மட்டும் நகரும். நேற்று மடித்த துணி அதன் மேல் இருக்கும், அதை எடுத்து வைப்பாள். இதெல்லாம் தனகோட்டி பார்த்தது இல்லை, கேட்டதுதான். அவருக்கு அப்படித்தான் பழக்கம். அயனாவரம் பக்கம் இப்போது இல்லாத ஒரு தியேட்டரில் டிக்கெட் கவுண்டருக்குள் இருந்தே வயது போய்விட்டது. அந்தக் கவுண்டர் ஓட்டையில் கை மட்டும்தான் நுழையும். கையும் குரலும். மோதிரம் போட்ட கை, பெயிண்ட் காயாத கை, கசங்கிய நோட்டை விடாமல் பிடித்திருக்கிற கை. முகம் தெரியாது. தெரியாததால்தான் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. உள்ளே டிக்கெட் இருக்கும். இல்லை என்று சொல்லச் சொல்லி மேனேஜர் சொல்லியிருப்பார். வெளியே பிளாக்கில் விற்கிறவர்களுக்குப் போக வேண்டிய கட்டு அது. இல்லை, ஹவுஸ்ஃபுல் என்பார். கை ஒரு நொடி அங்கேயே இருக்கும், பிறகு போய்விடும். வருத்தம் ஒன்றும் தோன்றியதில்லை. கையைப் பார்த்து யாருக்கு வருத்தம் வரும். அதே மாதிரிதான் இதுவும் என்று நேற்று படுக்கப் போகும்போது சொல்லிக்கொண்டார். மேலே இருப்பவர்கள் சத்தம்தான். சத்தத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிடலாம். மோட்டார் ரிப்பேர். இரண்டே வார்த்தை. இல்லை, ஹவுஸ்ஃபுல் என்பதைவிடச் சின்னது.

ஆனால் சுலோச்சனா போன பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வழக்கம் என்று யாரும் உட்கார்ந்து ஏற்படுத்தவில்லை. அவள் இருந்தவரை மோட்டார் அவளுடையது. எப்போது போடுவது, எப்போது அணைப்பது எல்லாம் அவள் கணக்கு. இவர் அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்லை. முதல் வாரம் நாலு தடவை தொட்டி வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பெரியவரே, எங்க வீட்டுக்கு ஆத்துத் தண்ணி வுடறீங்களா" என்றார். அதற்குப் பிறகு ஷீபா மேலே நின்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "நிறைஞ்சிருச்சு அங்கிள்." "சரிம்மா." இவர் அணைத்துவிடுவார். அவ்வளவுதான். பால் பாக்கெட் போடுகிறவன் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறான், ஹேமா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். மற்ற நாட்களில் இவர் வாயிலிருந்து வருவது அந்த 'சரிம்மா' ஒன்றுதான். தொட்டி நிறையப் போகும்போது குழாய்க்குள் சத்தம் தடித்து இறங்கும் என்று இப்போதெல்லாம் அவருக்கே தெரியும். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார், அணைக்க மாட்டார். அவள் சொல்லட்டும் என்று நிற்பார். வாடகை நின்ற பிறகு அவள் குரல் கொஞ்சம் சிறுத்தது. அங்கிள் என்பது முன்னால் இருந்த மாதிரி நீளவில்லை. ஆனால் ஒரு நாளும் நிற்கவில்லை. வாடகை தர முடியாதவர்கள் தங்களால் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிற மாதிரி அதைக் கொடுத்தாள் என்று சில சமயம் தோன்றும். உடனே, அப்படியெல்லாம் இல்லை, தொட்டி வழிந்தால் அவர்கள் துணிக் கொடியும்தான் நனைகிறது என்றும் தோன்றும்.

இதை மண்டபத்தில் எழுந்து நின்று எப்படிச் சொல்வது. ஐயா, எனக்கு வாடகை வேண்டும், அவர்களும் வேண்டும். சிரிப்பார்கள். ஜெயவேலு முதலில் சிரிப்பார். வேறு ஆள் வைக்கலாமே சார், சென்னையில வீட்டுக்கு ஆள் இல்லாமலா. வேறு ஆளும் நாற்காலியை நகர்த்துவான். வேறு ஆளுடைய சத்தத்தை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வயதில். அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் இருந்தார், பிள்ளைகள் வெளிநாட்டில். கீழும் மேலும் அவர் வீடுதான். குடித்தனக்காரர் தொல்லையே வேண்டாம் என்று மாடியைப் பூட்டி வைத்திருந்தார். அவர் இறந்தது எதிர் வீட்டுக்குக் கெட்டுப்போன பால் வாடை மாதிரி வந்து, பிறகுதான் தெரிந்தது. கேட்டில் நாலைந்து பால் பாக்கெட் உப்பிப்போய்த் தொங்கியதாம். பார்த்துவிட்டு வந்து சொன்னதும் சுலோச்சனாதான். சொல்லிவிட்டு, நம்மளுக்கு அந்தக் கவல இல்ல, மேல ஆள் இருக்கு என்றாள். நம்மளுக்கு என்றாள். அப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

வெயில் கொல்லைக் கதவின் கிராதி வழியாக இறங்கி, வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களில் விழுந்தது. ஜெயவேலு சொன்னபடி நேற்று பிடித்து வைத்தவை. பிளாஸ்டிக் குடம் இரண்டு, எவர்சில்வர் குடம், பெரிய அண்டா, இட்லிக் குண்டான், குக்கர், கடைசியில் ஆசை விடாமல் டிபன் கேரியர் அடுக்குகளில்கூடப் பிடித்து வைத்திருந்தார். பிடிக்கும்போது குழாயை ஒல்லியாகத் திறந்து, சத்தம் வராமல் பாத்திரத்தின் ஓரமாக வழிய விட்டார். தன் வீட்டுக் குழாயில், தன் தண்ணீரை, திருடுகிறவன் மாதிரி. இட்லிக் குண்டானின் மூடி கிடைக்கவில்லை. சுலோச்சனா எங்கே வைத்தாளோ. அவள் போனதற்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. உள்ளே ஒரு வேப்பிலைக் காம்பு காய்ந்து கிடந்தது. அரிசியில் பூச்சி பிடிக்காமல் இருக்கப் போட்டது, அரிசி டின்னிலிருந்து இதற்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கழுவாமலே தண்ணீரைப் பிடித்துவிட்டோமே என்று பிறகு உறைத்தது. இப்போது எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் அசையாமல் நின்றது. இவ்வளவையும் ஒரு ஆள் என்ன செய்வது? தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்கு நேற்றுத் தெரியவில்லை. தனக்கென்று தனியாக எதையும் அளந்து பழக்கம் இல்லை.

மேலே குளியலறைக் குழாய் திறந்தது. சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் இவர் தலைக்குப் பின்னால் ஓடியது. ஓடி, இளைத்து, இருமியது. காற்று வந்தது. மூடினார்கள். மறுபடி திறந்தார்கள். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். அதில் கொஞ்சம் வந்தது, நின்றது. ஒரு பக்கெட்டை நகர்த்துகிற சத்தம். தனகோட்டி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது கேட்பார்கள். மேலிருந்து குரல் வரும், அங்கிள் மோட்டார் போடலியா என்று. அதற்குச் சொல்ல வேண்டியதுதான் அந்த இரண்டு வார்த்தை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாக்கு ஒட்டியது. எதிரில் குடம் குடமாகத் தண்ணீர் இருந்தும் எழுந்து ஒரு டம்ளர் குடிக்கத் தோன்றவில்லை. எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். இவர் அவர்களுடைய நாற்காலியைக் கேட்கிறார் என்றால் அவர்களும் இவருடையதைக் கேட்கமாட்டார்களா? இத்தனை நாளில் இது ஏன் தோன்றவில்லை. தான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார். கவுண்டருக்கு உள்ளே இருப்பவனுக்கு, வெளியே இருப்பவனுக்கும் தன் கை மட்டும்தான் தெரியும் என்பது மறந்துபோகிற மாதிரி.

குரல் வரவில்லை. பேச்சு வந்தது, தணிந்த பேச்சு, சொற்கள் பிரியவில்லை. ஷீபா ஏதோ சொன்னாள். எபினேசர் இல்லை என்கிற மாதிரி ஒரு ஒலி. பிறகு இரண்டு பேருமே பேசவில்லை. அந்த நிசப்தம் இவருக்குப் பழக்கமில்லாதது. அவர்கள் சண்டை போடும்போது வருகிற நிசப்தம் வேறு. தூங்கும்போது வருவது வேறு. இது அவர்கள் காது கொடுத்துக் கேட்கிற நிசப்தம் என்று அவருக்குப் புரிந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். தரைக்கு மேலே அவர்களும் தரைக்குக் கீழே இவருமாக, நடுவில் ஒரு கான்கிரீட். பிறகு காலடி. செருப்பில்லாத காலடி, படியில் தடதடவென்று. சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். வந்து கேட்கட்டும். கேட்டால் நானும் கேட்பேன். வாடகைக்கு வாய் இல்லை, தண்ணீருக்கு வாய் வருகிறதா என்று கேட்பேன். இதுவும் ஜெயவேலு சொல்லிக்கொடுத்ததுதான். முன்கதவு தட்டப்பட்டது.

"அங்கிள்."

இவர் அசையவில்லை.

"அங்கிள், நான்தான் எபினேசர். கதவத் தெறங்க."

மறுபடி தட்டினான். உள்ளங்கையால் தட்டுகிற தட்டு. பிறகு ஜன்னலுக்கு வந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது, அதன் கண்ணாடியில் விரல் நகத்தால் தட்டினான். "உள்ள ஃபேன் ஓடல," என்றான். "நேத்து டிவி சத்தம் கேட்டியா நீ?"

"கேக்கல," என்றாள் ஷீபா. "தண்ணி சத்தம் மட்டும் லேசா கேட்டுச்சு. நானும் இருக்காருன்னுதான் படுத்தேன். ஏங்க, மோட்டார் ஒரு நாள்கூட இவ்வளவு நேரம் போடாம இருந்ததில்லங்க. ஆன்ட்டிய கூட்டிட்டுப் போன அடுத்த நாளே போட்டாரு."

"மாத்திர போட்டுத் தூங்கியிருப்பாரு. பயப்படாத."

"பால் பாக்கெட் கேட்லயே தொங்குதுங்க."

தனகோட்டி குனிந்து தன் காலைப் பார்த்தார். பால் பாக்கெட்டை எடுக்க மறந்திருந்தார். இல்லை, மறக்கவில்லை, முன்னால் போனால் அவர்கள் கண்ணில் பட வேண்டிவரும் என்று எடுக்கவில்லை. வெளியே அவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அது என்ன என்று அவருக்கு மெதுவாக விளங்கியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் சுற்றி வளைத்துச் சொன்னது விளங்கியதைப் போல, கடைசியிலிருந்து முதலுக்கு விளங்கியது. தான் இறந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இறந்து கிடந்தார். எபினேசர் தோளால் கதவை ஒரு முறை இடித்தான். "அங்கிள்" என்று ஷீபா கூப்பிட்டாள். தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்கிற அங்கிள் இல்லை இது. உடைந்து போய் நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி கூப்பிட்டாள். பிறகு அழுதாள். சுலோச்சனா இறந்த செய்தி வந்தபோது இந்த வீட்டில் யாரும் அழவில்லை. உடம்பு வராத வீட்டில் யார் வந்து அழுவார்கள். இவரும் அழவில்லை, அழ ஒரு முகம் எதிரே வேண்டும் போலிருக்கிறது. இப்போது வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தனக்காக. எழுந்து போய்த் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. காலும் வரும் என்று தெரிந்தது. ஆனாலும் அவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான். இன்னும் கொஞ்சம். ஒரு ஆள் இவ்வளவு நேரம் தனக்கான அழுகையைக் கேட்கக் கூடாது என்று தோன்றியபோதுதான், "கடப்பாறை கொண்டாரேன், வண்டில இருக்கு" என்று எபினேசர் வாசல்படி இறங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

ஷீபா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நைட்டி மேல் துப்பட்டா, கட்டாத முடி. எபினேசர் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் முகத்தை இவர் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவன் தாடியில் நரை வந்திருந்தது. முப்பத்தைந்தைத் தாண்டாதவன்.

"என்ன அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க," என்றான். "உசுரே போயிருச்சு."

"மோட்டார் ரிப்பேர்," என்றார் தனகோட்டி.

அவர் சொல்லவில்லை, அது தானாக வந்தது. காலையிலிருந்து வாய்க்குள் வைத்து உருட்டியதால் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்துவிட்டது. எபினேசர் சிரித்துவிட்டான். நிம்மதியில் வருகிற சிரிப்பு. "இதானா. இதுக்கா பேசாம உள்ள உக்காந்திருந்தீங்க? கெபாசிட்டர் போயிருக்கும் அங்கிள். சின்ன வேல. நகருங்க, நான் பாக்குறேன்." இவர் நகர்ந்தாரா, அவன் தாண்டிப் போனானா தெரியவில்லை. அவன் இடைவழிக்குப் போய்விட்டான். ஷீபாவும் பின்னால் போனாள். இவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது அவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டிருந்தாள். குடம், அண்டா, குண்டான், குக்கர், அடுக்கடுக்காக டிபன் கேரியர். எல்லாம் விளிம்பு வரை. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேற்று ராத்திரி லேசாகக் கேட்ட தண்ணீர் சத்தத்தை அவள் மறுபடி கேட்கிறாள் என்று இவருக்குத் தெரிந்தது.

"ஏங்க, வாங்க போலாம்," என்றாள்.

"இரு ஷீபா. ஒயர மட்டும் பாத்துட்டு."

"வாங்கன்னு சொல்றேன்ல."

அவன் திரும்பாமலே சுவிட்சைத் தட்டினான். மோட்டார் ஒரு முறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாய்க்குள் தண்ணீர் ஏறிப் போயிற்று. கொல்லைக் கதவின் கிராதி எப்போதும் போல அதிர்ந்தது. எபினேசர் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை கீழே வர நேரமானது. பெரிய கை, வேன் கதவைத் தள்ளித் தள்ளி விரல் முட்டி காய்த்துப் போன கை. பிறகு அவனும் பாத்திரங்களைப் பார்த்தான்.

"ஓடுது அங்கிள்," என்றான்.

"ஆமா," என்றார்.

ஷீபா கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீரை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. எபினேசர்தான் பேசினான், மரியாதை குறையாமல், கோபம் இல்லாமல். "இந்த மாசக் கடைசில காலி பண்ணிர்றோம் அங்கிள். ஷீபா ஊர்ல அவங்க அண்ணன் வரச் சொல்லிட்டேதான் இருக்காரு. ஆர்டர் இருக்குன்னு நாங்க உக்காந்திருக்கல. நீட்டினாலும் நீட்டலைன்னாலும் போயிர்றோம். பாக்கிய வண்டிய வித்தாவது குடுத்துருவேன்." வண்டியை விற்காதே என்று சொல்ல வாயெடுத்தார். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டும் ஒன்றாக வந்து அடைத்துக்கொண்டதில், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் சொல்கிற வார்த்தை அது. குடித்தனக்காரர் கிளம்பும்போது மட்டும் சொல்வது. சொன்ன பிறகுதான் அது ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது என்று உறைத்தது. "சரிங்க அங்கிள்," என்றான் எபினேசர். ஷீபா வெளியே போகும்போது கேட்டில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கையில் கொடுக்காமல், மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். படியில் இப்போது காலடிகள் மெதுவாக ஏறின. ஒன்று முன்னால், ஒன்று ரொம்பப் பின்னால்.

போன் அடித்தது. ஜெயவேலு. "கெளம்பிட்டீங்களா சார்? மொத வரிசையில உங்களுக்குச் சேர் போட்டு, கர்ச்சீப் போட்டு வெச்சிருக்கேன். இன்னா சார் அது பின்னால சத்தம்?"

"மோட்டார்."

"ஓடுதா?"

"ஓடுது."

"ஐயோ, ஒரு வேள பொறுக்க முடியலியா சார் உங்களால?"

"காலி பண்றேன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "பாத்தீங்களா. நான் சொன்னனா இல்லியா. மூணு நாள் சொன்னேன், உங்களுக்கு ஒரே வேளைல முடிஞ்சிருச்சு. கைராசிக்காரர் சார் நீங்க. வாங்க, வந்து அத அங்க சொல்லாதீங்க, மத்தத மட்டும் பேசுங்க."

"எனக்குத்தான் இனிமே கேஸ் இல்லியே. நான் எதுக்கு."

"கேஸ் இல்லாதவங்களும் வரலாம் சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு பிரிஞ்சி சொல்லியிருக்கு. வெங்காயப் பச்சடி."

"வரல ஜெயவேலு," என்றார். ஜெயவேலு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் போனுக்குள் கேட்டது. தனகோட்டி போனை வைத்துவிட்டுக் காத்திருந்தார். குழாய்க்குள் சத்தம் தடித்து இறங்கியும் மேலிருந்து குரல் வரவில்லை, அவரே எழுந்து சுவிட்சை அணைத்தார். கிராதி அதிர்வது நின்றது. மேலே குளியலறைக் குழாயை யாரோ திறந்து, பக்கெட்டை அடியில் வைத்தார்கள்.

அது ஐந்நூறு லிட்டர் தொட்டி. மூன்று பேருக்கு ஒரு நாளைக்குக் காணும். ஒரு ஆளுக்கு என்றால் மூன்று நாளைக்குக் காணும்.